ஆண்களுக்கு டெஸ்டோஸ்டிரோன் குறைவது ஏன்? தடுப்பது எப்படி?

 

இந்த இதழில் எடுத்துக் கொண்டிருக்கும் தலைப்பைப் பார்த்தவுடன், இதையெல்லாம் ஜமாஅத் மக்கள் வீடு வீடாகப் படிக்கும் இதழில் எழுத வேண்டுமா என்று சிலர் முகம் சுளிக்கலாம். மதரஸாவில் ஓதியவர்களுக்கு ஒன்று தெரியும். குளிப்பு எப்போது கடமையாகும் என்பதைப் பன்னிரண்டு வயதுப் பையன்களுக்கு ஹழ்ரத் சுற்றி வளைக்காமல் பாடமாகவே நடத்துவார். யாரும் சிரிப்பதில்லை. தெரிந்து கொள்ள வேண்டியதைத் தெரிந்து கொள்வதில் வெட்கத்துக்கு இடமில்லை என்பதுதான் அந்தப் பாடத்தின் முறை. அதே முறையில்தான் இந்தக் கட்டுரையும் எழுதப்படுகிறது.

இப்போது இதை எழுதுவதற்கு ஒரு காரணம் இருக்கிறது. குழந்தையின்மைச் சிகிச்சைக்கு உதவி கேட்டு நம் அறக்கட்டளைக்கு வரும் விண்ணப்பங்களோடு மருத்துவக் கோப்பும் சேர்ந்து வருகிறது. பல கோப்புகளில் மனைவியின் ஸ்கேன், ரத்தப் பரிசோதனை, கருக்குழாய் எக்ஸ்ரே என்று இருபது தாள்கள் இருக்கும். கணவரைப் பற்றி ஒரு தாள்கூட இருக்காது. கேட்டால், "அவருக்கு என்ன, ஆள் நல்லாத்தானே இருக்கார்" என்று பதில் வரும். இன்னொரு பக்கம், நாற்பது வயதைத் தாண்டிய சகோதரர்கள் களைப்பு, ஆர்வக் குறைவு என்று யாரிடமும் சொல்லாமல், விளம்பரத்தில் பார்த்த லேகியத்துக்கு ஆயிரக்கணக்கில் கட்டிவிட்டு, சர்க்கரை முற்றிய பிறகு நம்மிடம் வருகிறார்கள். இரண்டு இடத்திலும் நஷ்டம் குடும்பத்துக்குத்தான்.

டெஸ்டோஸ்டிரோன் என்றால் என்ன?

ஆணின் உடலில் சுரக்கும் முக்கியமான ஹார்மோன் இது. 1935ஆம் ஆண்டு ஆம்ஸ்டர்டாமில் எர்ன்ஸ்ட் லாக்கூர் குழுவினர் காளையின் விரைகளிலிருந்து இதைப் பிரித்தெடுத்தார்கள். அதே ஆண்டில் இதைச் செயற்கையாகத் தயாரிக்கும் வழியையும் விஞ்ஞானிகள் கண்டுபிடித்துவிட்டார்கள்.

பருவ வயதில் குரல் கனப்பது, தாடி மீசை முளைப்பது, தசை திரள்வது எல்லாம் இதன் வேலை. அதன் பிறகும் எலும்பின் உறுதி, ரத்தச் சிவப்பணு உற்பத்தி, தாம்பத்திய ஆர்வம், மனத்தெம்பு ஆகியவற்றுக்கு இது தேவைப்படுகிறது. பெண்களின் உடலிலும் சிறிதளவு சுரக்கிறது.

இது விரைகளில்தான் உற்பத்தியாகிறது. ஆனால் கட்டளை வருவது மூளையிலிருந்து. மூளையின் அடிப்பகுதியில் உள்ள ஹைப்போதலாமஸ் பிட்யூட்டரி சுரப்பியைத் தூண்டுகிறது. பிட்யூட்டரி எல்.எச்., எப்.எஸ்.எச். என்ற இரண்டு ஹார்மோன்களை ரத்தத்தில் அனுப்புகிறது. எல்.எச். விரையைத் தூண்டி டெஸ்டோஸ்டிரோனைச் சுரக்க வைக்கிறது. எப்.எஸ்.எச். விந்தணு உற்பத்திக்கு உதவுகிறது. ரத்தத்தில் டெஸ்டோஸ்டிரோன் போதுமான அளவு வந்துவிட்டால், மூளை கட்டளையைக் குறைத்துக் கொள்கிறது.

மொட்டை மாடித் தண்ணீர்த் தொட்டியை நினைத்துக் கொள்ளுங்கள். தொட்டி நிரம்பினால் தானியங்கி சுவிட்ச் மோட்டாரை நிறுத்திவிடும். தண்ணீர் குறைந்தால் மறுபடி ஓட்டும். இந்த உவமையை மனதில் வைத்திருங்கள். ஜிம் ஊசியைப் பற்றிச் சொல்லும்போது இது தேவைப்படும்.

வயதாவதும் காலம் மாறுவதும்

முப்பது, நாற்பது வயதுக்குப் பிறகு டெஸ்டோஸ்டிரோன் ஆண்டுக்குச் சுமார் 1 சதவீதம் என்ற அளவில் மெதுவாகக் குறைகிறது. தலை நரைப்பதைப் போல இது இயற்கை. இதற்காக யாரும் கலங்க வேண்டியதில்லை. பெண்களுக்கு மாதவிடாய் நிற்பதுபோல ஆண்களுக்கு ஒரேயடியாக நின்றுவிடுவதும் இல்லை. எழுபது வயதிலும் நல்ல அளவு உள்ளவர்கள் இருக்கிறார்கள்.

கவலைப்பட வேண்டியது வேறொன்று. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் 1980களின் இறுதியிலிருந்து 2004 வரை ஆண்களின் ரத்தத்தை மூன்று கட்டங்களாகச் சோதித்தார்கள். அதன் முடிவு 2007இல் வெளியானது. அதன்படி, 1980களின் இறுதியில் அறுபது வயதாக இருந்த ஒருவருக்கு இருந்த அளவைவிட, 2000க்குப் பிறகு அறுபது வயதை எட்டியவருக்குக் குறைவாக இருந்தது. வயது ஒன்றுதான், காலம்தான் வேறு. டென்மார்க்கிலும் இதே போக்கு தெரிந்தது. உடல் பருமன் கூடியது இதற்கு ஒரு காரணம் என்றாலும், அது மட்டுமே முழுக் காரணம் அல்ல என்று ஆய்வாளர்கள் சொன்னார்கள். வயது மட்டுமே இந்த ஹார்மோனைக் கீழே இழுப்பதில்லை என்பது இதிலிருந்து விளங்குகிறது.

அறிகுறிகள் என்ன?

தாம்பத்திய ஆர்வம் குறைவது, அதிகாலையில் இயல்பாக ஏற்படும் விறைப்பு நின்று போவது ஆகிய இரண்டும் முக்கியமான அறிகுறிகள். தசை மெலிந்து தொப்பை கூடுவது, தாடி வளர்ச்சி குறைவது, மார்பு பெண்களுக்குப் போலப் பருப்பது, காரணம் தெரியாத ரத்தசோகை, சிறு அடிக்கே எலும்பு முறிவது ஆகியவையும் உண்டு.

களைப்பு, எரிச்சல், ஞாபக மறதி போன்றவற்றை மட்டும் வைத்து முடிவுக்கு வரக்கூடாது. தைராய்டு, ரத்தசோகை, சர்க்கரை, மனச்சோர்வு, தூக்கமின்மை எதிலும் இவை வரும். விறைப்புக் குறைபாடும் அப்படித்தான். அதற்குப் பெரும்பாலும் காரணம் ரத்தக் குழாய்தான். உறுப்புக்குச் செல்லும் குழாய்கள் மெல்லியவை. இதயக் குழாயில் அடைப்பு வெளிப்படுவதற்குச் சில ஆண்டுகளுக்கு முன்பே அவை பாதிக்கப்படலாம். ஆகவே நாற்பது, ஐம்பது வயதில் இந்தப் பிரச்சினை புதிதாக வந்தால் சர்க்கரை, ரத்தக் கொதிப்பு, கொழுப்பு, இதயம் எல்லாவற்றையும் பரிசோதிக்க வேண்டும். இதை மறைத்து வைத்தவர் மாரடைப்பின் முன்னெச்சரிக்கையையும் சேர்த்து மறைத்துவிடுகிறார்.

பரிசோதனை செய்யும் முறை

ரத்தத்தில் மொத்த டெஸ்டோஸ்டிரோன் அளவைப் பார்ப்பார்கள். இதில் மூன்று விஷயங்களைக் கவனிக்க வேண்டும்.

முதலாவது, காலை 10 மணிக்குள், வெறும் வயிற்றில் ரத்தம் கொடுக்க வேண்டும். இந்த ஹார்மோன் காலையில் அதிகமாகவும் மாலையில் குறைவாகவும் இருக்கும். மாலையில் கொடுத்துவிட்டு, குறைந்துவிட்டது என்று பயந்தவர்கள் உண்டு.

இரண்டாவது, ஒரு முறை குறைவாக வந்தால் வேறொரு நாளில் மறுபடி பார்க்க வேண்டும். காய்ச்சல் போன்ற நோயின்போது பார்க்கக்கூடாது. இரவு வேலை செய்பவர்கள் அதை மருத்துவரிடம் சொல்ல வேண்டும். ரமளானில் தூக்கமும் சாப்பாடும் நேரம் மாறிவிடுவதால், அவசரம் இல்லாதவர்கள் ரமளான் கழிந்து பார்த்துக் கொள்வது நல்லது.

மூன்றாவது, ஒரு டெசிலிட்டருக்கு 300 நானோகிராமுக்குக் கீழே இருந்தால் குறைவு என்பது பல மருத்துவர்கள் வைத்திருக்கும் கணக்கு. ஆய்வகத்துக்கு ஆய்வகம் இது சற்று மாறும். அறிகுறியும் இருந்து, இரண்டு முறை அளவும் குறைந்திருந்தால்தான் நோய் என்று சொல்வார்கள். அதன் பிறகு எல்.எச்., புரோலாக்டின் போன்றவற்றைப் பார்த்து, கோளாறு விரையிலா, மூளைச் சுரப்பியிலா என்று கண்டுபிடிப்பார்கள்.

குறைவதற்கான காரணங்கள்

1. தொப்பை: நம் ஊரில் முதல் காரணம் இதுதான். கொழுப்புத் திசுவில் உள்ள அரோமடேஸ் என்ற நொதி டெஸ்டோஸ்டிரோனை ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோனாக மாற்றுகிறது. உடல் பருமன் மூளையின் கட்டளையையும் மந்தமாக்குகிறது. ஹார்மோன் குறைந்தால் கொழுப்பு கூடுகிறது. கொழுப்பு கூடினால் ஹார்மோன் இன்னும் குறைகிறது. தெற்காசிய ஆண்களுக்கு இடுப்பளவு 90 சென்டிமீட்டர், அதாவது சுமார் 35½ அங்குலம்தான் எல்லை. கைலி கட்டுபவர்களுக்குத் தொப்பை கூடுவதே தெரியாது. தையற்காரரின் அளவு நாடாவை எடுத்து, தொப்புள் மட்டத்தில் ஒரு முறை அளந்து பாருங்கள்.

2. சர்க்கரை நோய்: இரண்டாம் வகைச் சர்க்கரை உள்ள ஆண்களில் சுமார் மூன்றில் ஒருவருக்கு டெஸ்டோஸ்டிரோன் குறைவாக இருப்பதாக ஆய்வுகள் காட்டியுள்ளன. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு 2023இல் வெளியானபோது, நாட்டில் சுமார் 10 கோடி பேருக்குச் சர்க்கரை நோய் இருப்பது தெரிய வந்தது. இந்த இரண்டு கணக்கையும் சேர்த்துப் பார்த்தால், இது எங்கோ யாருக்கோ வரும் நோய் அல்ல என்பது புரியும்.

3. தூக்கக் குறைவு: டெஸ்டோஸ்டிரோன் கூடுவது தூக்கத்தில்தான். சிகாகோ பல்கலைக்கழகத்தில் ஆரோக்கியமான 10 இளைஞர்களை ஒரு வாரம் இரவுக்கு 5 மணி நேரம் மட்டும் தூங்க வைத்தார்கள். பகல் நேர அளவு 10 முதல் 15 சதவீதம் வரை குறைந்துவிட்டது. இது 2011இல் வெளியான ஆய்வு. நம் வீடுகளில் இஷாவுக்குப் பிறகு பத்து மணிக்குச் சாப்பாடு, ஒரு மணி வரை கைப்பேசி, பஜ்ருக்கு ஐந்து மணிக்கு எழுந்திருப்பு. கூட்டிப் பாருங்கள், நான்கு மணி நேரம். பஜ்ருக்கு எழுவதால் தூக்கம் கெடுவதாகச் சிலர் சொல்கிறார்கள். கெடுப்பது பஜ்ர் அல்ல, கைப்பேசி. பலமாகக் குறட்டை விட்டு, நடுவில் மூச்சு நின்று திணறி எழுபவர்களுக்கு எத்தனை மணி நேரம் படுத்தாலும் தூக்கம் தூக்கமாக இருக்காது. அதற்குத் தனிச் சிகிச்சை உண்டு.

4. ஜிம் ஊசிகள்: நம் இளைஞர்கள் உடற்பயிற்சி செய்வது மகிழ்ச்சியான விஷயம். ஆனால் ஆறு மாதத்தில் உடம்பு ஏற வேண்டும் என்று சில இடங்களில் ஸ்டீராய்டு ஊசி போடுகிறார்கள். அவை டெஸ்டோஸ்டிரோனோ அதன் வகைகளோதான். இப்போது அந்தத் தண்ணீர்த் தொட்டியை நினைத்துப் பாருங்கள். லாரித் தண்ணீரைக் கொண்டு வந்து தொட்டியை நிரப்பிக் கொண்டே இருந்தால் மோட்டார் ஓடாது. மூளை எல்.எச்., எப்.எஸ்.எச். இரண்டையும் நிறுத்திவிடும். விரை சுருங்கும். விந்தணு பூஜ்ஜியத்துக்கே போய்விடலாம். டெஸ்டோஸ்டிரோன் ஊசியை ஆண்களுக்கான கருத்தடை ஊசியாகப் பயன்படுத்த முடியுமா என்று உலக சுகாதார நிறுவனமே சோதித்துப் பார்த்திருக்கிறது என்றால், அது விந்தணுவை எந்த அளவு நிறுத்தும் என்று விளங்கிக் கொள்ளுங்கள். ஊசியை நிறுத்திய பிறகு பழைய நிலைக்கு வரப் பல மாதங்கள், சிலருக்கு ஆண்டுக்கும் மேல் ஆகும். சிலருக்கு முழுமையாகத் திரும்புவதே இல்லை. இன்னும் சில மாதங்களில் நிகாஹ் வைத்திருக்கும் பிள்ளை, மாப்பிள்ளைக் கோலத்தில் கம்பீரமாகத் தெரிய வேண்டும் என்று இந்த ஊசியைப் போட்டுக் கொள்வது எவ்வளவு பெரிய அறியாமை!

5. மருந்துகளும் போதையும்: வலிக்குத் தரும் ஓபியாய்டு வகை மருந்துகள், ஆஸ்துமா, மூட்டு வலி போன்றவற்றுக்கு நீண்ட நாள் சாப்பிடும் ஸ்டீராய்டு மாத்திரைகள் ஆகியவை குறைக்கலாம். அதற்காக மருந்தை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். ஸ்டீராய்டு மாத்திரையைத் திடீரென நிறுத்துவது உயிருக்கே ஆபத்து. மருத்துவரிடம் சொல்லுங்கள். மது விரையையும் ஈரலையும் சேர்த்துக் கெடுக்கும். வலி மாத்திரைகளைப் போதைக்காக விழுங்கும் பழக்கம் இளைஞர்களிடம் பரவுவதைப் பெற்றோர் கவனிக்க வேண்டும். புகையிலை விந்தணுவையும் ரத்தக் குழாயையும் கெடுக்கிறது.

6. பிறவியிலும் சிறுவயதிலும் வருபவை: சில ஆண் குழந்தைகளுக்கு விரை ஒன்றோ இரண்டுமோ பைக்குள் இறங்காமல் வயிற்றுப் பக்கமே நின்றுவிடும். ஆறு மாதத்துக்குள் இறங்காவிட்டால் அறுவை மருத்துவரிடம் காட்ட வேண்டும். ஒன்றரை வயதுக்குள் அறுவைச் சிகிச்சை செய்துவிடுவது நல்லது. தாமதித்தால் பிற்காலத்தில் குழந்தைப்பேறு பாதிக்கும். புற்றுநோய்க்கான வாய்ப்பும் கூடும். சுன்னத் செய்யும்போது பார்த்துக் கொள்ளலாம் என்று விட்டுவிடாதீர்கள். நம்மில் பலர் அதை மூன்று, ஐந்து வயதில்தான் செய்கிறோம். தடுப்பூசிக்குக் கொண்டு போகும்போதே, விரை இரண்டும் இறங்கியிருக்கிறதா என்று உம்மாமார்கள் ஒரு வார்த்தை கேட்டுக் கொள்ளுங்கள்.

பொன்னுக்கு வீங்கி பருவ வயதுக்குப் பிறகு வந்தால் சிலருக்கு விரையையும் தாக்கும். எம்.எம்.ஆர். தடுப்பூசி இதைத் தடுக்கும். குழந்தை மருத்துவரிடம் கேட்டுப் போட்டுக் கொள்ளலாம். கிளைன்ஃபெல்டர் என்ற பிறவிக் குறை, ஆண்களில் 500 முதல் 1000 பேருக்கு ஒருவருக்கு இருக்கிறது. அவர்களில் பலருக்குத் திருமணமாகிக் குழந்தை இல்லாமல் பரிசோதிக்கும்போதுதான் தெரிய வருகிறது. பதினான்கு வயது முடிந்தும் பருவ மாற்றம் எதுவும் தொடங்காத பையனை, போகப் போகச் சரியாகும் என்று விடாமல் மருத்துவரிடம் காட்டுங்கள்.

7. பிளாஸ்டிக் ரசாயனங்கள்: பிளாஸ்டிக்கை மிருதுவாக்கச் சேர்க்கும் தாலேட், கடினமாக்கப் பயன்படும் பிஸ்பினால் போன்றவை ஹார்மோன்களின் வேலையில் குறுக்கிடுகின்றன. விலங்குகளில் இது தெளிவாகத் தெரிந்திருக்கிறது. மனிதர்களிலும் தொடர்பு இருப்பதைப் பல ஆய்வுகள் காட்டுகின்றன. தமிழ்நாட்டில் 2019 ஜனவரி முதல் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் பைகளுக்குத் தடை இருந்தும், கொதிக்கும் சாம்பாரையும் டீயையும் பையில் கட்டி வாங்குவது நிற்கவில்லை. ஒரு தூக்குவாளி கொண்டு போவதில் நமக்கு என்ன குறைந்துவிடப் போகிறது?

லேகியமும் லாட்ஜ் வைத்தியமும்

மாதத்தில் இன்ன தேதி இன்ன ஊர் லாட்ஜில் வைத்தியரைச் சந்திக்கலாம் என்ற நோட்டீஸை எல்லோரும் பார்த்திருப்போம். அதில் முதலில் இருப்பது தூக்கத்தில் விந்து வெளியேறுவதைப் பற்றிய பயமுறுத்தல். அது நோயே அல்ல. டெஸ்டோஸ்டிரோன் அதனால் குறைவதும் இல்லை. மதரஸாவில் அதற்கு நமக்குச் சொல்லித் தந்தது குளிப்பு, லேகியம் அல்ல.

ஆண்மையைப் பெருக்கும் என்று மருந்து விளம்பரம் செய்வதே நம் நாட்டில் சட்டப்படி குற்றம். 1954ஆம் ஆண்டின் மருந்துகள் மற்றும் மாயத் தீர்வுகள் சட்டம் இதைத் தடை செய்கிறது. மூலிகை என்று விற்கப்படும் இத்தகைய பொருட்களில் சில்டெனாஃபில் என்ற ஆங்கில மருந்தைத் தெரியாமல் கலந்திருப்பதைப் பல நாட்டு அதிகாரிகள் திரும்பத் திரும்பக் கண்டுபிடித்திருக்கிறார்கள். சாப்பிட்டவுடன் பலன் தெரிவதன் ரகசியம் அதுதான். நெஞ்சு வலிக்காக நாக்குக்கு அடியில் வைக்கும் நைட்ரேட் மாத்திரை எடுப்பவர் இதைச் சாப்பிட்டால் ரத்த அழுத்தம் சட்டென்று விழுந்து உயிரே போகலாம். பதிவு பெற்ற சித்த, யூனானி மருத்துவர்களை நாம் குறை சொல்லவில்லை. பெயரும் பதிவு எண்ணும் சொல்லாத, ரசீது தராத ஆளிடம் உடம்பை ஒப்படைக்காதீர்கள் என்றுதான் சொல்கிறோம்.

துத்தநாகம், வைட்டமின் டி போன்றவை உடலில் குறைவாக இருப்பவருக்குப் பலன் தரும். போதுமான அளவு இருப்பவருக்கு டப்பா டப்பாவாகச் சாப்பிட்டாலும் ஹார்மோன் கூடாது.

மருத்துவச் சிகிச்சை

உண்மையிலேயே குறைபாடு உள்ளவர்களுக்கு டெஸ்டோஸ்டிரோன் ஊசியும் ஜெல்லும் நல்ல பலன் தருகின்றன. இதய நோய் உள்ளவர்கள், அதற்கான வாய்ப்பு அதிகம் உள்ளவர்கள் என்று 5,200 பேருக்கு மேல் சேர்த்துச் செய்த ஓர் ஆய்வு 2023இல் வெளியானது. இந்தச் சிகிச்சையால் மாரடைப்பும் பக்கவாதமும் கூடவில்லை என்று அது காட்டியது. ஆனால் இதயத் துடிப்பு ஒழுங்கற்றுப் போவது, நுரையீரலில் ரத்தக்கட்டி அடைப்பது போன்றவை சற்று அதிகமாக இருந்தன. ரத்தம் கெட்டிப்படவும் வாய்ப்பு உண்டு. ஆகவே இடையிடையே ரத்தப் பரிசோதனை, புராஸ்டேட் பரிசோதனை அவசியம்.

ஒன்றை அடிக்கோடிட்டுப் படியுங்கள்: குழந்தை வேண்டும் என்று இருப்பவர் டெஸ்டோஸ்டிரோன் எடுக்கக்கூடாது. வெளியிலிருந்து எடுத்தால் விந்தணு நின்றுவிடும் என்று மேலே பார்த்தோம். அவர்களுக்கு மூளைச் சுரப்பி வழியாகத் தூண்டும் வேறு மருந்துகள் உள்ளன. ஹார்மோன் மருத்துவரிடமோ சிறுநீரக, ஆண்கள் நல மருத்துவரிடமோ செல்லும்போது, "எங்களுக்குக் குழந்தை வேண்டும்" என்பதை முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

தடுக்கும் வழிகள்

முதலில் எடை. 90 கிலோ உள்ளவர் பத்தில் ஒரு பங்கு, அதாவது 9 கிலோ குறைத்தாலே டெஸ்டோஸ்டிரோன் அளவு கூடுகிறது, சர்க்கரையும் கட்டுப்படுகிறது. வாரத்துக்கு அரை கிலோ என்றால் 18 வாரம். பட்டினி கிடக்க வேண்டாம். ஒரு நாளைக்கு நான்கு டீ குடிப்பவர் சர்க்கரையை நிறுத்தட்டும். இரவுப் பரோட்டா வாரத்துக்கு ஒரு நாள் போதும். வலீமா பிரியாணியில் இரண்டாம் முறை சோறு கேட்காமல் கறியோடும் தயிர்ப் பச்சடியோடும் நிறுத்திக் கொள்ளலாம். முட்டை, மீன், பருப்பு, சுண்டல், வேர்க்கடலை, காய்கறி ஆகியவை தட்டில் கூட வேண்டும். நோன்புக் கஞ்சி நல்ல உணவு. அதோடு சேரும் வடை, சமோசா, சர்பத்துதான் ஒரு மாத நோன்புக்குப் பிறகும் எடையைக் கூட்டுகிறது.

இரண்டாவது உடலுழைப்பு. வாரத்தில் ஐந்து நாள் அரை மணி நேரம் வேக நடை. அதோடு வாரத்தில் இரண்டு நாள் தண்டால், பஸ்கி அல்லது எடை தூக்கும் பயிற்சி. தசை கூடினால் சர்க்கரையும் தொப்பையும் குறையும். அதன் வழியே ஹார்மோனும் சீராகும். கடையில் நாள் முழுவதும் கல்லாவில் உட்கார்ந்திருக்கும் வியாபாரிகளுக்கு இது மிகவும் அவசியம்.

மூன்றாவது தூக்கம். இஷா தொழுது, சாப்பிட்டு, பத்தரை மணிக்குள் படுத்துவிட்டால் பஜ்ருக்குள் ஆறரை மணி நேரம் கிடைக்கும். மதியம் ஒரு குட்டித் தூக்கம் சேர்ந்தால் ஏழு மணி நேரம் ஆகிவிடும். வெளிநாட்டில் இரண்டு ஷிஃப்ட் பார்க்கும் சகோதரர்கள், விடுமுறை நாளையாவது தூக்கத்துக்குக் கொடுங்கள்.

நான்காவது பரிசோதனை. முப்பது வயதிலிருந்தே ஆண்டுக்கு ஒரு முறை சர்க்கரை, ரத்தக் கொதிப்பு பார்த்துக் கொள்ளுங்கள். ஆரம்பச் சுகாதார நிலையத்திலேயே இலவசமாகப் பார்க்கிறார்கள்.

குடும்பத்தாருக்கும் ஜமாஅத்துக்கும்

உலகில் ஆறு பேரில் ஒருவர் வாழ்நாளில் குழந்தையின்மைப் பிரச்சினையைச் சந்திக்கிறார் என்று உலக சுகாதார நிறுவனம் 2023இல் அறிவித்தது. குழந்தையில்லாத தம்பதிகளில் ஏறக்குறையப் பாதிப் பேரிடம் ஆணின் பங்கும் இருக்கிறது. ஒன்றைப் பிரித்துப் புரிந்து கொள்ளுங்கள். டெஸ்டோஸ்டிரோன் வேறு, விந்தணு வேறு. தாடியும் பலமும் ஆர்வமும் எல்லாம் சரியாக இருக்கும் ஆணுக்கும் விந்தணு இல்லாமல் இருக்கலாம். "ஆள் நல்லாத்தானே இருக்கார்" என்பது மருத்துவச் சான்று ஆகாது.

விந்துப் பரிசோதனைக்குச் சில நூறு ரூபாய்தான் ஆகும். ஊசி இல்லை, வலி இல்லை. இரண்டு முதல் ஏழு நாள் தாம்பத்தியம் இல்லாமல் இருந்து மாதிரி கொடுக்க வேண்டும். பல ஆய்வகங்கள், ஒரு மணி நேரத்துக்குள் கொண்டு வருவதாக இருந்தால் வீட்டிலிருந்தே எடுத்து வர அனுமதிக்கின்றன. மாதிரி எடுக்கும் முறையில் மார்க்கச் சந்தேகம் உள்ளவர்கள் ஆலிம்களிடம் தனியே கேட்டுத் தெளிவு பெறலாம். சந்தேகத்தைக் காரணம் காட்டி ஐந்து வருடம் கடத்துவது நியாயமல்ல. ஏனென்றால் அந்த ஐந்து வருடமும் "விசேஷம் உண்டா?" என்ற கேள்விக்குப் பதில் சொல்லிக் கொண்டிருப்பது மனைவிதான்.

குழந்தை இல்லை என்ற காரணத்துக்காக மணவிலக்கு, மறுமணம் என்று பேச்சு ஜமாஅத்துக்கு வரும்போது, கணவரின் பரிசோதனை அறிக்கை வந்த பிறகே பேசுவோம் என்று நிர்வாகிகள் ஒரு வழக்கத்தை ஏற்படுத்த வேண்டும். ஒரு பெண்ணின் வாழ்க்கையை முடிவு செய்யும் முன் அந்த ஒரு தாளைக் கேட்பது அதிகம் அல்ல. நம் அறக்கட்டளைக்குக் குழந்தையின்மைச் சிகிச்சை உதவி கேட்டு விண்ணப்பிப்பவர்களும் இனி கணவன், மனைவி இருவரின் அறிக்கைகளையும் இணைக்கும்படி கேட்டுக் கொள்கிறோம். பரிசோதனைக்கே வசதி இல்லாதவர்கள் அலுவலகத்தில் தனியே வந்து சொல்லுங்கள். பெயர் வெளியில் போகாது.

மனைவிமார்களுக்கும் ஒரு வார்த்தை. கணவர் ஒதுங்கிப் போனால் அதை அன்புக் குறைவு என்றோ வேறு தொடர்பு என்றோ உடனே எண்ண வேண்டாம். உடம்பில் ஒரு குறை இருந்து, சொல்ல வாய் வராமல் இருக்கலாம். குத்திக் காட்டாமல், "ஒரு தடவை டாக்டரைப் பார்த்துட்டு வருவோமே" என்று கூடவே கிளம்புங்கள்.

நோய்க்கு மருந்து தேடுவது நபிகளார் (ஸல்) அவர்கள் நமக்குக் காட்டித் தந்த வழி. பல் வலிக்கும் கண் பார்வைக்கும் தயங்காமல் மருத்துவரிடம் போகும் நாம், இதற்கும் அப்படியே போவோம். இந்த வாரமே இடுப்பளவை ஒரு முறை அளந்து பாருங்கள், சகோதரர்களே! 90 சென்டிமீட்டரைத் தாண்டியிருந்தால் சர்க்கரையையும் பார்த்துவிடுங்கள்.

வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் உடல் நலத்தையும், இல்லங்களில் நிம்மதியையும், குழந்தைக்காக ஏங்கும் தம்பதிகளுக்கு ஸாலிஹான பிள்ளைகளையும் தந்தருள்வானாக! ஆமீன்.

வஸ்ஸலாம்.
செயலாளர்